மச்சான் டாங்கிள் வாங்கிப் போன செவ்வாய்க்கிழமை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேடம், கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆறு சிஸ்டம். அவற்றுக்கு நெட் பிரித்துக் கொடுக்க ஓரமாக ஒரு பழைய பெட்டி, அதில் டெபியன் லினக்ஸ். லைன் போய்விட்டால் சமாளிக்க அதிலேயே ஒரு 4ஜி டாங்கிளும் செருகியிருக்கிறேன். பெட்டியை ஆன் செய்து ஒன்பது நாள் ஆனால் எல்லாம் ஆமை வேகம். சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ராம் போதவில்லை என்று 2 ஜிபியை 4 ஜிபி ஆக்கினேன். இப்போது 25 நாள் தாங்குகிறது, அப்புறம் அதே கதை. டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் நெட்வொர்க்மேனேஜர் என்ற சர்வீஸ்தான் முதலிடத்தில் நிற்கிறது. கடையில் கூட்டம் அதிகம், பெட்டி தாங்கவில்லை, விண்டோஸ் போட்டுவிடுங்கள் என்கிறான் அக்கா மகன். தினமும் காலையில் அந்த சர்வீஸ் பிடித்திருக்கும் மெமரியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்: வியாழன் (ரீஸ்டார்ட் செய்த நாள்) 19 எம்பி, வெள்ளி 146, சனி 272, ஞாயிறு 400, திங்கள் 526, செவ்வாய் 654, புதன் 661, மறு வியாழன் 787. ஞாயிறு கடை லீவு, எண்ணைக் குறிக்க மட்டும் போய் வந்தேன். (செவ்வாய் அன்று டாங்கிள் இல்லை. மச்சான் பண்ருட்டி போகும்போது வாங்கிப் போய் மறுநாள் காலைதான் கொடுத்தார். நல்ல வேளை, அன்றைக்கு லைன் போகவில்லை.) நான் என்ன செய்ய?

– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: கணினி கோளாறு பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பதில் “ரொம்ப ஸ்லோ” என்பதைத் தவிர வேறு தகவலே இருக்காது. நீங்கள் எட்டு எண் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் காலண்டர் தாளுக்கு ஒரு கும்பிடு. பாதி வைத்தியத்தை நீங்களே முடித்துவிட்டீர்கள், அதை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒளித்தும் வைத்துவிட்டீர்கள்.

எண்களைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 126, 127, 128 என்று அடி பிசகாமல் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறது, ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. அப்போதும் 400-இலிருந்து 526. அப்படியானால் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அக்கா மகனிடம் சொல்லிவிடுங்கள். ஏறாத நாள் ஒன்றே ஒன்றுதான். செவ்வாய் காலை 654, புதன் காலை 661. அந்த இருபத்து நாலு மணி நேரமும் டாங்கிள் பண்ருட்டியில் இருந்தது.

ராம் மாற்றிய கதையும் இதைத்தான் சொல்கிறது. மற்ற புரோகிராம்களுக்கு 900 எம்பி போகிறது என்று வைத்தால், 2 ஜிபி பெட்டியில் மிச்சம் 1,148 எம்பி. நாளொன்றுக்கு 127 வீதம் ஒன்பது நாளில் தீர்ந்துவிடும். 4 ஜிபியில் மிச்சம் 3,196. அது 25 நாள். ராமை இரண்டு மடங்காக்கியும் நாள் ஏன் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது என்று குழம்பியிருப்பீர்கள். பெருகியது மிச்சம்தான், அதனால் நாளும் அப்படியே பெருகியது. புது ராம் எதையும் குணப்படுத்தவில்லை. ஓட்டைப் பானைக்குக் கீழே பெரிய பாத்திரமாக வைத்தீர்கள், அவ்வளவுதான்.

இந்த வியாதிக்குப் பெயர் மெமரி லீக். தமிழில் மெமரி கசிவு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் மனக்குறை உண்டு, ஏனென்றால் எதுவும் வெளியே ஒழுகிப் போவதில்லை. என் அப்பா வில்லியனூரில் சமையல் பாத்திரம் வாடகைக்கு விட்டவர். அண்டா, தவலை, தாம்பாளம், ஜமக்காளம் எல்லாம் நோட்டில் எழுதித்தான் வெளியே போகும். கல்யாணம் முடிந்தால் திரும்பி வரும், நோட்டில் பேரை அடிப்பார். புரோகிராமும் இப்படித்தான். வேலைக்கு வேண்டிய இடத்தை வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். தர மறந்தால் அண்டா உடைந்தும் போகவில்லை, தொலைந்தும் போகவில்லை. யார் வீட்டுத் திண்ணையிலோ கவிழ்ந்து கிடக்கிறது. கடையில் மட்டும் ஒன்று குறைகிறது. அப்பா இதை லீக் என்று சொல்லவில்லை. வேறு மாதிரி சொல்வார், அதை அச்சில் போட முடியாது.

லினக்ஸில் நெட் இணைப்புகளைக் கவனித்துக்கொள்வது நெட்வொர்க்மேனேஜர். அது சி மொழியில், ஜிலிப் என்ற நூலகத்தின்மேல் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பு) எழுதப்பட்டது. ரெட் ஹாட் 2004-இல் தொடங்கிய திட்டம். இதில் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வார்கள். தெருத் திருவிழாவுக்கு ஒரே பெரிய அண்டாவை மூன்று வீட்டார் பேரில் அப்பா எழுதுவார்; மூன்றாவது பேரையும் அடித்தால்தான் அண்டா கடைக்குள் வரும். ஒரே ஒருவர் சொல்ல மறந்தாலும் அது வெளியே இருப்பதாகத்தான் கணக்கு. டாங்கிளைச் செருகினால் நெட்வொர்க்மேனேஜர் அதற்கென ஒரு பொருளை உருவாக்கும். அதோடு ஐபி முகவரி, ரூட், டிஎன்எஸ் விவரங்களும் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் எல்லோரும் கையை விடவேண்டும். ஒரு இடத்தில் ஒரு கை விடவில்லை என்றால் அந்தக் குடும்பமே மெமரியில் தங்கிவிடும்.

“நான் டாங்கிளைத் தொடுவதே இல்லையே” என்பீர்கள். நீங்கள் தொடுவதில்லை, அதுவாகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்கிறதோ என்று சந்தேகப்பட்டு, இந்தப் பதிலை எழுதும் முன் உங்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிவைக்கும் பதிவில் யுஎஸ்பி துண்டிப்பு என்று வரும் வரிகளை ஒரு முழு நாளுக்கு எண்ணச் சொன்னேன். உங்கள் பதில்: 1,412. நிமிடத்துக்கு ஒரு தடவை என்றே சொல்லலாம். 127 எம்பியை 1,412-ஆல் வகுத்தால் ஒரு துண்டிப்புக்குச் சுமார் 92 கேபி. இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை கேபி என்று வகுபடுகிற ஏற்றம் கிடைத்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

நான் இவ்வளவு தெளிவாகப் பேசுவது பட்ட அனுபவத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புயலுக்குப் பிறகு பல நாள் ஜெனரேட்டர்தான். ஓடும், நிற்கும், டீசல் ஊற்றினால் ஓடும். ஒவ்வொரு தடவையும் எல்லா நெட்வொர்க் ஸ்விட்சும் செத்துப் பிழைக்கும். எங்கள் 1 ஜிபி பெட்டி இரண்டு நாளைக்கு ஒரு முறை மூச்சு முட்டியது. மொத்த மெமரி குறைவதைப் பார்த்தேன், நெட்வொர்க் சம்பந்தப்பட்ட தொல்லை என்பதால் நெட்வொர்க்மேனேஜர்தான் என்று முடிவு கட்டினேன். கோபமாக ஒரு புகாரும் எழுதி வைத்தேன், அனுப்பும் முன் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் ஏதோ நல்ல புத்தி, ஒவ்வொரு புரோகிராமாகப் பிரித்துப் பார்த்தால் நெட்வொர்க்மேனேஜர் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஊதிக்கொண்டிருந்தது நான் எழுதிய பைதான் ஸ்கிரிப்ட். டி-பஸ் (புரோகிராம்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வழி) மூலமாக நெட்வொர்க்மேனேஜர் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பையும் “பிறகு பார்க்கலாம்” என்று ஒரு பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். பிறகு என்பது வரவேயில்லை. சாதாரண நாளில் பத்து அறிவிப்பு வந்த இடத்தில் புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கில் வந்ததால் சாயம் வெளுத்தது. அதனால்தான் சர்வீஸின் பெயரைப் பார்த்து எழுதிய உங்கள் தாளை நான் மதிக்கிறேன்.

இனி நீங்கள் உறுதிப்படுத்த வேண்டியவை. முதலில், எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பது. டாப்பில் விர்ட் என்று ஒன்று, ரெஸ் என்று ஒன்று இருக்கும். விர்ட் என்பது கேட்டு வைத்த இடம், ரெஸ் என்பது உண்மையாகவே ராமில் உட்கார்ந்திருப்பது. விர்ட் ஜிபி கணக்கில் இருந்தாலும் பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியது ரெஸ், சரி. உங்கள் பெட்டியில் ஸ்வாப் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) இல்லை என்று சொன்னீர்கள். ஸ்வாப் உள்ளவர்கள் கவனிக்கவும். கசிந்த மெமரியை யாரும் தொடுவதில்லை என்பதால் கர்னல் அதை நைசாக வட்டுக்குத் தள்ளிவிடும். ரெஸ் ஏறாததுபோல் தெரியும், வியாதி உள்ளே வளரும். ப்ராக் அடைவில் அந்த சர்வீஸின் எண்ணுக்குரிய ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் ராமில் இருப்பதும் ஸ்வாப்புக்குப் போனதும் தனித்தனியாக எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எஸ்மேப்ஸ் என்ற கோப்பில் ஹீப் என்று ஒரு பகுதி வரும். ஏற்றம் முழுக்க அங்கேதான் என்றால் புரோகிராம் கேட்டு வாங்கிய இடம்தான் பெருகுகிறது.

இரண்டாவது, இது லீக்தானா, இல்லை மெமரியில் காலி இடம் துண்டு துண்டாகக் கிடக்கும் வெறும் சிதறலா? அப்பா ஒரு சமயம் நீளமான கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். உள்ளே போகப் போக வாடகை கூடும். பாத்திரம் குறைந்த காலத்தில் கடைசிப் பகுதியைக் காலி செய்து கொடுத்துவிட நினைப்பார், அங்கே ஒரு மூலையில் ஒரு கரண்டிக் கட்டு கிடக்கும். அதனால் முழுக் கொட்டகைக்கும் வாடகை. ஹீப்பும் அப்படித்தான். நடுவில் எவ்வளவு காலியானாலும் கடைசியில் ஒரு துண்டு இருந்தால் அது வழக்கமாகக் கர்னலிடம் திரும்பிப் போகாது. இந்த மாதிரி வீக்கம் ஓரிடத்தில் நின்றுவிடும், காலியான நடுப்பகுதி அடுத்த வேலைக்குப் பயன்படும். லீக் நிற்காது. உங்களுடையது 19-இலிருந்து 787 வரை ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. சிதறல் அப்படி ஏறாது.

மூன்றாவது, யார் வாங்கினார், எங்கே வாங்கினார் என்று பிடிப்பது. இதற்கு வால்கிரைண்ட் என்ற கருவி. கடை மூடிய பிறகு செய்யுங்கள், ஏனென்றால் அதற்குள் ஓடும் புரோகிராம் 20 முதல் 30 மடங்கு மெதுவாகிவிடும். சர்வீஸை நிறுத்திவிட்டு, டீபக் (பிழை தேட உதவும்) தகவல் தொகுப்புகளையும் நிறுவிவிட்டு (இல்லையென்றால் அறிக்கையில் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும்), நெட்வொர்க்மேனேஜரை வால்கிரைண்டுக்குள் நேரடியாக ஓடவிடுங்கள். ஜிலிப் பழைய பதிப்பாக இருந்தால் அது தன் சொந்தக் கிடங்கிலிருந்து இடத்தைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும், அது கணக்கைக் குழப்பும். ஜி ஸ்லைஸ் என்ற சூழல் மாறியில் எப்போதும் மாலாக் என்று (G_SLICE=always-malloc) குறித்துவிட்டால் அந்தக் கிடங்கு ஓரங்கட்டப்படும். 2023-இல் வந்த 2.76 பதிப்பு முதல் அந்தக் கிடங்கையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது டாங்கிளைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள், சரியாக 37 தடவை. ஒவ்வொரு தடவையும் அது பெட்டிக்குத் தெரியும் வரை பொறுங்கள், டீ குடித்துக்கொண்டே செய்யலாம். ஏன் 37? பத்து, இருபது, நூறு போன்ற எண்கள் புரோகிராமுக்குள் வேறு காரணத்துக்கும் வரும். 37 தற்செயலாக வருவது அரிது. முடித்துவிட்டு நிறுத்தினால் அறிக்கை நீளமாகக் கொட்டும். அதில் 37 துண்டுகள், அல்லது 74, அல்லது 36 என்று வரும் பதிவைத் தேடுங்கள். அந்தப் பதிவின் கீழே எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இடம் வாங்கியது என்ற வரிசை இருக்கும். அதுதான் நோட்டுப் பக்கம்.

இதில் ஒரு சூட்சுமம். அறிக்கையில் திட்டவட்டமாகத் தொலைந்தது என்று ஒரு வகையும், இன்னும் எட்டக்கூடியது என்று ஒரு வகையும் இருக்கும். எல்லோரும் முதல் வகையை மட்டும் படித்துவிட்டு “லீக் இல்லை” என்று எழுந்துவிடுவார்கள். எண்ணிக்கை வைத்து ஓடும் புரோகிராமில் கையை விடாத அந்த ஒருவர் இன்னும் ஏதாவது ஒரு பட்டியலில் உயிரோடுதான் இருப்பார். ஆகவே பொருள் தொலைந்ததாகக் கணக்கு வராது. அண்டா இருக்கும் வீடு தெரியும், ஆனால் அந்த வீட்டில் கல்யாணம் முடிந்து மூன்று வருஷம். அப்படிப்பட்டதைப் பிடிக்க வால்கிரைண்டிலேயே மாசிஃப் என்ற துணைக் கருவி இருக்கிறது, தனியாக ஹீப்ட்ராக் என்றும் ஒன்று. எந்த இடத்திலிருந்து மெமரி நேரத்தோடு பெருகுகிறது என்று இவை காட்டும். உங்கள் விஷயத்தில் மாசிஃப்தான் பலன் தரும் என்பது என் ஊகம்.

கிடைத்ததை என்ன செய்வது? முதலில் பேக்கேஜைப் புதுப்பித்துப் பாருங்கள், ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம். இல்லையென்றால் டெபியனின் பிழைப் பட்டியலிலோ, ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேபில் உள்ள நெட்வொர்க்மேனேஜர் பக்கத்திலோ எழுதுங்கள். பதிப்பு எண், டாங்கிள் மாடல், “ஒரு துண்டிப்புக்கு 92 கேபி”, செவ்வாய்க்கிழமைக் கதை, மாசிஃப் அறிக்கை. இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, எண்கள் பேசும். பதிவுக் கோப்பை இணைக்கும் முன் வைஃபை பெயர், மேக் முகவரி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

அதுவரை கடை ஓடவேண்டுமே. நீங்கள் அனுப்பிய படத்தில் டாங்கிள் பெட்டியின் முன்பக்கம், ஒரு எக்ஸ்டென்ஷன் வயரின் நுனியில் தொங்குகிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய கரண்ட் 500 மில்லி ஆம்பியர். சிக்னல் குறைந்த இடத்தில் 4ஜி டாங்கிள் அதைவிடக் கூடக் கேட்கும். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினால் செத்துப் பிழைக்கும். வயரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் நேராகச் செருகுங்கள். தனி மின்சாரம் உள்ள ஹப் இன்னும் நல்லது. அதோடு சிஸ்டம்-டியில் (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் புரோகிராம்) இந்த சர்வீஸுக்கு மெமரி உச்சவரம்பு 300 எம்பி என்று வையுங்கள், தாண்டினால் கொன்று மறுபடி எழுப்பும்படி. இன்றைய வேகத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை அது மட்டும் சில நொடி படுத்து எழும், பெட்டி பிழைக்கும். விண்டோஸ் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். டாங்கிள் அங்கேயும் இதே வயரில்தான் தொங்கும்.

அச்சுக்குப் போகும் முன் வந்த செய்தி: டாங்கிளைப் பின்பக்கம் மாற்றியபின் நாளொன்றுக்கு ஆறு துண்டிப்புதானாம். ஆறு பெருக்கல் 92, அரை எம்பிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 4 ஜிபி நிரம்ப 16 வருஷம் ஆகும். லீக் அப்படியேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் புகாரை எழுதுங்கள். உங்களைப் போல வேறு யாரோ ஒருவர் முன்பக்கம் வயரில் தொங்கவிட்டிருப்பார்.

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம், ஃப்ரீ என்று காட்டுவது 150 எம்பிதான். ஒன்றும் திறக்கவில்லை. இதுவும் லீக்கா?

– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இல்லை. படித்த கோப்புகளை லினக்ஸ் காலி ராமில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் உடனே தர. வேண்டும்போது விட்டுவிடும். ஃப்ரீ என்ற நெடுக்கைப் பார்க்காதீர்கள், அவெய்லபிள் என்ற நெடுக்கைப் பாருங்கள். 2014-இல் வந்த 3.14 கர்னல் முதல் கர்னலே அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. அது 5 ஜிபி இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு சர்வீஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) எழுதிவிட்டேன். ஆபீஸில் சீனியர் இது கேவலமான வேலை என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: கேவலம் ஒன்றுமில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்வதற்கு ஒரு நொடி முன் அந்த சர்வீஸின் மெமரியை ஒரு கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ராத்திரியும் தடயத்தை நீங்களே கழுவிவிடுகிறீர்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்பைச் சீனியரிடம் காட்டுங்கள், பேச்சு மாறும்.

கேள்வி: வால்கிரைண்டா, வால்கிரிண்டா? பெயருக்கு என்ன அர்த்தம்?

– கல்லூரி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வடக்கு ஐரோப்பியப் புராணத்தில் வல்ஹல்லா என்று வீரர்களின் சொர்க்கம் ஒன்று உண்டு, அதன் பெரிய வாசலுக்குத்தான் அந்தப் பெயர். உருவாக்கியவர்கள் கடைசி அசையை “கிரிண்ட்” என்று குறுக்கித்தான் சொல்லச் சொல்கிறார்கள், மாவரைக்கிற கிரைண்டர் இல்லை. எங்கள் கல்லூரியில் நான் ஒரு வருஷம் சரியாக உச்சரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியவில்லை. மறுபடி வால்கிரைண்டுக்கே வந்துவிட்டேன்.